செக்காலை ரோட்டில் டீக்கடை ஏறி இறங்குவது எப்படி

காரைக்குடிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி அரண்மனை, பிள்ளையார்பட்டி, மத்தியானம் எங்காவது வாழையிலைச் சாப்பாடு, சாயங்காலம் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள், ராத்திரி பஸ். நடுவில் டீயும் குடிப்பார்கள், ஆனால் அது டிரைவர் வண்டியை நிறுத்துகிற இடத்தில், அவர் அவசரத்துக்கு. அதற்குப் பதிலாக ஒரே ஒரு ரோட்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள டீக்கடை, காப்பிக் கடை, டிபன் கடை, பேக்கரி, புதிதாக முளைத்திருக்கும் கஃபே எல்லாவற்றிலும் விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை ஏறி இறங்கிப் பாருங்கள். செலவு குறைவு, ஊரும் நன்றாகப் பிடிபடும். அதற்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று தெரிந்த வரை சொல்கிறேன்.

எந்த ரோடு என்று கேட்டால் நான் செக்காலை ரோட்டைச் சொல்வேன். நூறடி ரோடும் மோசமில்லை, கல்லூரி ரோடும் தனி ரகம், ஆனால் செக்காலையில்தான் எல்லா ஆட்களும் கலந்து வருவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த கிராமத்துக்காரர், துணி எடுக்க வந்த குடும்பம், சகாய மாதா கோவிலுக்கு வந்தவர்கள், வங்கி வேலைக்காரர், கட்டட வேலைக்குப் போகிற கொத்தனார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கடை இருக்கிறது. நடந்தே முடித்துவிடலாம், கார் எடுத்துக்கொண்டு போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். டூவீலர் இருந்தால்கூட ஒரு முனையில் போட்டுவிட்டு நடப்பதுதான் நல்லது.

ஒன்றை மட்டும் முதலிலேயே புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். நாள் முழுக்க நன்றாக இருக்கிற கடை என்று இங்கே ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு கடைக்கும் ஒரு நேரம் உண்டு. விடியற்காலை ஐந்தரைக்கு அமிர்தம் மாதிரி டீ போடுகிற மனிதர் பதினொரு மணிக்குக் கழுநீர் மாதிரி ஒன்றைக் கொடுப்பார், அதே பதினொரு மணிக்கு எதிர்க் கடையில் அப்போதுதான் வடை சட்டியிலிருந்து இறங்கும். அதனால் யாராவது 'அந்தக் கடை டீ சூப்பர்' என்று சொன்னால், எத்தனை மணிக்குக் குடித்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். இணையத்தில் நட்சத்திரம் பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மேப்பில் நாலரை நட்சத்திரம் இருக்கும், போனால் மாஸ்டர் ஷிப்ட் மாறிப் போயிருப்பார்.

விடியற்காலை

ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், ஆனால் இழப்பு உங்களுக்குத்தான். சென்னைக்குப் போகிற பல்லவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையிலேயே காரைக்குடி ஜங்ஷனை விட்டுக் கிளம்பும். அதற்குப் போகிறவர்கள், பால்காரர்கள், பேப்பர் போடுகிற பையன்கள், ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்த லாரிக்காரர்கள், இவர்களை நம்பித்தான் கடைகள் இருட்டிலேயே திறக்கின்றன. இந்தக் கூட்டம் மோசமான டீயைப் பொறுத்துக்கொள்ளாது.

டீ ஏன் அந்த நேரத்தில் நன்றாக இருக்கிறது என்பதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. பாய்லரில் கொதிக்கிற வெந்நீரைத் துணிப்பையில் போட்ட டஸ்ட் தூள்மேல் ஊற்றித்தான் டிகாஷன் இறக்குகிறார்கள். தூள் புதிதாக இருக்கும் வரை நிறமும் மணமும் வரும். அப்புறம் அதே தூள் வெந்து வெந்து கசப்பு ஏறும், மாஸ்டர் பழைய தூளைக் கொட்டாமல் அதன் தலையிலேயே இன்னொரு கரண்டி புதுத் தூளைப் போட்டுச் சமாளிப்பார், நிறம் கிடைத்துவிடும், கசப்பு போகாது. பாலும் அப்படித்தான். மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்து சுண்டிப்போன பாலில் ஒரு கருகல் வாடை வரும், அதைக் கெட்டியான பால் என்று நம்பிக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கடைக்குள் போனதும் இரண்டைப் பாருங்கள்: பையிலிருந்து சக்கையைத் தட்டுகிறாரா, பால் சட்டி நிறைய இருக்கிறதா. இரண்டும் சரியாக இருந்தால் டீ சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு பன் வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

சும்மா 'ஒரு டீ' என்றால் சர்க்கரை தாராளமாக விழும். சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங், லைட், ஆற்றாமல் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கிளாஸ் கைக்கு வந்தபிறகு சொன்னால் அந்த டீயிலேயே கொஞ்சம் டிகாஷனை ஊற்றிக் கொடுத்துவிடுவார், அது இரண்டும் கெட்டானாக இருக்கும். பால் வேண்டாம் என்றால் பிளாக் டீ என்றால் போதும், சில கடைகளில் கட்டன் சாயா என்றாலும் புரியும். மாஸ்டரை மாஸ்டர் என்றோ அண்ணே என்றோ கூப்பிடலாம், வயதானவர் என்றால் ஐயா. கல்லாவில் பெண் உட்கார்ந்திருந்தால் அக்கா, கொஞ்சம் மூத்தவராகத் தெரிந்தால் ஆச்சி, இந்தப் பக்கத்தில் அது மரியாதையான கூப்பிடல். 'ஹலோ பாஸ்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், உங்கள் டீ கடைசியாகத்தான் வரும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களிடம் காரைக்குடி டீ ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்பார்கள். அந்த ஊற்று நீர் மேல் இந்த ஊருக்கு அப்படி ஒரு பெருமை. உப்புத் தண்ணீரில் டீ போட்டால் டிகாஷன் மங்கலாகி மேலே ஏடு மாதிரிப் படியும் என்பது உண்மைதான், அதனால் பெருமையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எல்லாக் கடையும் அந்தத் தண்ணீரில்தான் போடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், கேன் தண்ணீர் எங்கும் வந்துவிட்டது.

கடையைக் கண்டுபிடிப்பது

'இங்கே நல்ல டீ எங்கே கிடைக்கும்?' என்று கேட்டால் கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் காட்டுவார்கள். கேட்கிற விதத்தை மாற்றுங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் போய், 'அண்ணே, உங்களுக்கு டீ எந்தக் கடையிலிருந்து வரும்?' என்று கேளுங்கள். நாளைக்கு நாலைந்து டீ குடிக்கிற மனிதர்கள், காசும் பார்ப்பார்கள், ருசியும் பார்ப்பார்கள். அவர்கள் சொல்லும் கடைக்குப் பெயர்ப்பலகைகூட இருக்காது, 'அந்த வேப்பமரத்தடி' 'மெடிக்கல் பக்கத்துல' என்றுதான் வழி சொல்வார்கள். இன்னொரு வழியும் உண்டு. பதினொரு மணிவாக்கிலும் நாலு மணிவாக்கிலும் கம்பிக்கூடையில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டோ பிளாஸ்க் தூக்கிக்கொண்டோ துணிக்கடை, நகைக்கடைகளுக்குள் ஒரு ஆள் போய்வந்துகொண்டிருப்பார். காலிக் கிளாஸோடு திரும்பும்போது பின்னாலேயே போங்கள். நகைக்கடை முதலாளி குடிக்கிற டீ மட்டமாக இருக்க வாய்ப்பில்லை.

கூட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற கடையில் கூட்டம் எப்போதும் இருக்கும், அது பஸ்ஸுக்கான கூட்டம். தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் தினமும் வருகிறவர்கள். அந்தக் கடைக்குள் போங்கள். பேப்பரில் ஒரு பக்கம் உங்கள் கைக்கும் வரும், படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள், மடித்து வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. அரசியல் பேச்சு நடக்கும், கேளுங்கள், முதல் நாளே கருத்துச் சொல்ல வேண்டாம்.

காசு கடைசியில்தான். எத்தனை வடை எடுத்தீர்கள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள், போகும்போது கல்லாவில் 'என்னென்ன?' என்று கேட்பார்கள், நீங்கள் சொல்வதுதான் கணக்கு. ஜிபே எல்லாக் கடையிலும் இருக்கிறது, ஆனாலும் விடியற்காலையில் சில்லறை வைத்திருங்கள், பணம் வந்ததைக் கூவிச் சொல்கிற பெட்டி அந்த நேரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். டீ பத்து ரூபாயைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது, இருந்தாலும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுவது இன்றைக்கும் வம்புதான்.

காலை டிபன்

ஏழரைக்கு மேல் டீக்கடையை விட்டுவிட்டு டிபன் பக்கம் திரும்பலாம். இட்லி, பொங்கல், தோசை எங்கும் கிடைக்கும், அவற்றுக்காக இங்கே வர வேண்டியதில்லை. இடியாப்பம் போடுகிற கடை எது என்று விசாரியுங்கள், அதோடு கோசமல்லி இருந்தால் அதிர்ஷ்டம். கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் வேகவைத்து மசித்துப் புளி ஊற்றிச் செய்கிற குழம்பு மாதிரியான தொடுகறி அது. வீடுகளில் சாதாரணம், கடைகளில் எப்போதாவது. சட்னி வாளிகள் வரும்போது தேங்காய்ச் சட்னியோடு நிறுத்திவிடாமல் காரச் சட்னி கேளுங்கள், வரமிளகாயும் பூண்டும் அரைத்தது, இந்த ஊர்ச் சாப்பாட்டின் முகவரி அதில்தான் இருக்கிறது.

காப்பி குடிக்க இதுதான் நேரம். டீக்கடைகளில் காப்பி கேட்டால் சிலர் இன்ஸ்டன்ட் தூளைப் போட்டுப் பாய்லர் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள், ஆகவே பித்தளை பில்டரோ எவர்சில்வர் பில்டரோ கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் கேளுங்கள். முதல் டிகாஷன் காலை எட்டு எட்டரைக்குள் தீர்ந்துவிடும், அதற்கப்புறம் வருவது இரண்டாம் டிகாஷன். அது மட்டம் என்று சொல்லவில்லை, பால் கூடுதலாக ஊற்றிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். குடித்தது பிடித்திருந்தால் தூள் எங்கே அரைக்கிறார்கள் என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள், ரகசியம் எல்லாம் கிடையாது. தூள் வாங்கும்போது சிக்கரி எவ்வளவு என்று நீங்களே சொல்லி அரைத்து வாங்கலாம். பாக்கெட்டாக வாங்கினால் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று மேலே அச்சிட்டிருக்க வேண்டும், அது விதி, பார்த்து வாங்குங்கள். நாக்குக்கு எண்பதுக்கு இருபது போதும் என்பது என் கட்சி, வீட்டில் வேறு கட்சியும் இருக்கிறது.

பத்தரை, பதினொன்றுக்கு வடை. உளுந்த வடையா பருப்பு வடையா என்கிற சண்டைக்குள் நான் போகவில்லை. சட்டியைப் பாருங்கள், எண்ணெய் கருத்து, ஓரமெல்லாம் நுரைத்துக்கொண்டு, புகை கண்ணைக் கரித்தால் நகர்ந்துவிடுங்கள்.

மத்தியானம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மெஸ் சமாச்சாரம், தனியாக எழுத வேண்டியது. பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். தேவகோட்டை ரோட்டில் செஞ்சைப் பக்கம் இருக்கிற 'தி பங்களா' ஹோட்டல் மாதிரி இடத்தில் இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், நேரே போய் நின்றால் கிடைக்காது. சாப்பிட்டபின் நாலு மணி வரை ரோட்டில் வேலை இல்லை. 2024-இல் மாநகராட்சி ஆன ஊர்தான், மத்தியானத் தூக்கம் மட்டும் இன்னும் கிராமத்துத் தூக்கம். ரூமுக்குப் போய்ப் படுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துத் தெருக்களில் நடந்து பெரிய வீடுகளின் முகப்பைப் பாருங்கள், ஆனால் திண்ணையில் ஏறி உட்காருமுன் ஒரு குரல் கொடுங்கள். பூட்டிக் கிடக்கிற மாதிரித் தெரியும், உள்ளே காவல்காரர் குடும்பம் இருக்கும்.

நாலு மணிதான் உச்சம்

ஒரே ஒரு வேளைதான் இருக்கிறது என்றால் சாயங்காலம் நாலிலிருந்து ஆறரையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு முழுக்க எண்ணெய்ச் சட்டி ஏறும். பஜ்ஜி, போண்டா எல்லா ஊரிலும் உண்டு. இங்கே தேட வேண்டியது வெள்ளைப் பணியாரம், மசாலாச் சீயம், பால் பணியாரம், கந்தரப்பம்.

வெள்ளைப் பணியாரத்தில் ஒளிப்பதற்கு ஒன்றுமே கிடையாது. அளவுப் பாத்திரம் நிறையப் பச்சரிசி, அதன்மேல் கோபுரமாக வைக்கிற அளவு உளுந்து, உப்பு. சில கைகள் கொஞ்சம் பால் சேர்க்கும், அவ்வளவுதான். ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும், புளிக்க விடக் கூடாது, புளித்தால் எண்ணெய் குடித்துவிடும். குழிக்கல்லில் ஊற்றுவதும் இல்லை. காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை நடுவில் விட்டால் அது தானாக உப்பி மேலே வந்து, ஓரம் மட்டும் மொறுமொறு என்று வட்டமாக நிற்க வேண்டும், நிறம் மாறுமுன் எடுத்துவிட வேண்டும். மாவு ஒரு சுற்றுத் தளர்வாகிவிட்டால் எண்ணெயில் பரந்து கிழியும், இறுகிவிட்டால் உப்பாது. அதனால்தான் ஒவ்வொன்றாக ஊற்றுவார்கள், அதனால்தான் காத்திருக்க வேண்டியிருக்கும். தட்டில் அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள், ஆறிய வெள்ளைப் பணியாரம் ரப்பர்தான். 'ஆச்சி, அடுத்த ஈடு வரட்டும்' என்று சொல்லிவிட்டு நில்லுங்கள், கோபிக்க மாட்டார்கள், சொல்லப்போனால் சாப்பிடத் தெரிந்த ஆள் என்று ஒன்று கூடவே வைப்பார்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. காரம் தாங்காதென்றால் அதன்மேல் கொஞ்சம் நல்லெண்ணெய் கேளுங்கள்.

மசாலாச் சீயத்துக்கும் ஏறக்குறைய அதே மாவுதான், அதில் கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய் எல்லாம் தாளித்துக் கொட்டி உருட்டிப் போடுவது. டீக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் எனக்குத் தெரியாது. இனிப்பு வேண்டும் என்கிறவர்களுக்குக் கந்தரப்பம், அரிசியும் பருப்பும் வெல்லமும் தேங்காயும். பால் பணியாரத்தைக் கிண்ணத்தில் வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள், குட்டிக் குட்டி உருண்டைகளைப் பொரித்து ஏலக்காய் போட்ட பாலில் மிதக்க விட்டிருப்பார்கள், பார்சல் கட்டினால் வீட்டுக்குப் போவதற்குள் கஞ்சியாகிவிடும். சில இடங்களில் ரங்கூன் புட்டும் கவுனி அரிசியும் கண்ணில் படும். இரண்டும் இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டிருந்த காலத்தின் மிச்சம், தேக்கு மரத்தோடு சேர்ந்து வந்தவை. கறுப்பாக இருக்கிறதே என்று கவுனியை ஒதுக்கிவிடாதீர்கள், அது அந்த அரிசியின் நிறம்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கடையிலும் எல்லாமும் சாப்பிட்டுவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். மூன்றாவது கடையிலேயே வயிறு நின்றுவிடும். இரண்டு பேராகப் போனால் ஒரு டீயைப் பாதிப் பாதியாகக் கேளுங்கள், ஒன் பை டூ என்றால் எங்கும் கொடுப்பார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். பலகாரம் கடைக்கு ஒன்று, அதுவும் அந்தக் கடையில் அந்த நேரத்தில் சட்டியில் இருப்பது மட்டும்.

ஏசி கஃபேக்கள்

இவற்றைத் திட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது, நான் திட்டப் போவதில்லை. இந்த ஊரில் மாணவர்களும் வெளியூர்க்காரர்களும் புதுசு கிடையாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்த நாளிலிருந்தே பல மாநிலத்து விஞ்ஞானிகள் இங்கே குடியிருக்கிறார்கள். 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகமும் வந்தது. அந்தப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேச ஒரு இடம் வேண்டும், டீக்கடைப் பெஞ்சில் அது நடக்காது. அதற்குத்தான் கஃபே.

அதிலும் பெண்களுக்கு. நேராகவே சொல்லிவிடுகிறேன், ரோட்டோர டீக்கடை பெரும்பாலும் ஆண்கள் நிற்கிற இடமாகத்தான் இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் தனியாகப் போகிற பெண் பெஞ்சில் உட்கார்ந்தால் நாலு தலை திரும்பும். உள்ளே மேசை நாற்காலி போட்ட பேக்கரிகள் நடுவழி: டீயும் பாய்லர் டீதான், பப்ஸ் நாலு மணிக்குச் சூடாக வரும், குடும்பத்தோடு உட்காரலாம். பணியாரக் கடைகளில் பெண்களே சுடுவதால் அங்கே இந்தச் சங்கடம் குறைவு.

கஃபேக்குப் போனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கேப்பச்சினோ நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாமல் பிளெண்டரில் நுரை அடித்துக் கொடுக்கிற இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கோல்ட் காப்பியோ ரோஸ் மில்க்கோ வாங்கிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்காருவது புத்திசாலித்தனம். சுவரில் ஆத்தங்குடித் தரைக்கல் டிசைன் ஸ்டிக்கர் ஒட்டி, 'செட்டிநாடு ஸ்பெஷல்' என்று பெயர் போட்டு, பிரீசரிலிருந்து எடுத்த பணியாரத்தை மைக்ரோவேவில் சூடாக்கித் தருகிற வகையறாவை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தரையில் கால் வைத்தாலே தெரியும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றிக் கையால் செய்து வெயிலில் காயவைப்பது, ஒவ்வொரு கல்லிலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், கோடு ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தாது. எல்லாம் ஒரே மாதிரிப் பளபளத்தால் அது பீங்கான் டைல்.

சில நடைமுறைகள்

பேப்பர் கப்பில் கொடுத்தால் கண்ணாடி கிளாஸ் கேளுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்புகளையும் சேர்த்துத்தான் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள், ஆனாலும் கப்புகள் புழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. கிளாஸை வெந்நீரில் அலசிக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள். பார்சல் வேண்டுமென்றால் பிளாஸ்க்கோ தூக்குவாளியோ கையோடு கொண்டுபோங்கள், கொதிக்கிற டீயைப் பாலிதீன் கவரில் கட்டி வாங்கிக் குடிக்காதீர்கள், தடையும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது.

போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். பாய்லரை எடுத்தால் மாஸ்டருக்கு மகிழ்ச்சி, பெஞ்சில் இருப்பவர்களை எடுத்தால் ஒருத்தராவது ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருப்பார்.

நாள் பார்த்துக் கிளம்புங்கள். பெரிய முகூர்த்த நாளில் பலகாரம் போடுகிற கைகள் கல்யாண வீடுகளுக்குப் போய்விடும், வளவு (வீட்டு உள்முற்றம்) முழுக்கப் பந்தி நடக்கும்போது ரோட்டுக் கடையில் வெள்ளைப் பணியாரம் தேடி அலைய வேண்டிவரும். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா சமயத்தில் பால்குடமும் கூட்டமுமாக ஊர் திணறும். டீக்கு அது நல்ல நேரம் இல்லை, ஆனால் தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள், அதையே குடித்துக்கொண்டு நடக்கலாம். புரட்டாசியில் பலர் அசைவம் விட்டுவிடுவதால் மெஸ்களில் கூட்டம் குறையும், சைவ டிபன் கடைகள் நிரம்பும். சித்திரை, வைகாசி வெயிலில் பகல் பதினொன்றுக்கு மேல் நடக்கவே வேண்டாம், அந்த மாதங்களில் விடியற்காலையும் சாயங்காலமும் மட்டும் போதும்.

ராத்திரி எட்டரைக்கு மேல் பரோட்டாக் கல்லின் சத்தம்தான் ரோட்டில் கேட்கும். டீ குடிக்கிற கூட்டம் வடிந்துவிடும். பஸ் ஏறப்போகிறவர்கள் பேருந்து நிலையத்துப் பக்கம் பால் கடையில் ஒரு மசாலாப் பால் குடித்துவிட்டு ஏறுங்கள். மதுரையோ திருச்சியோ இரண்டு மணி நேரம் போல ஆகும், நடுவில் நிறுத்துகிற இடத்து டீயைக் குடிக்க வேண்டிய அவசியம் இராது.

வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் கடைசி நிமிடத்துக்கு வைக்காதீர்கள், பலகாரக் கடைகளில் சாயங்காலமே நல்ல ஈடு தீர்ந்துவிடும். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை மூன்றும் பயணத்துக்குத் தாங்கும், மாவுருண்டை பஸ் குலுக்கலில் உடையும், பிடித்துப் பார்த்து இறுக்கமாக இருப்பதை எடுங்கள். அதிரசம் வாங்கினால் அன்றைக்குச் சுட்டதைவிட நேற்றுச் சுட்டதைக் கேளுங்கள், பாகு உள்ளே இறங்கி மெத்தென்று இருக்கும். எண்ணெய்ச் சிக்கு வாடை வருகிறதா என்று ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள், பழைய எண்ணெயில் போட்ட தேன்குழல் வாயில் வைக்குமுன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும்.